கழுவக்கூடாத ஸ்பாஞ்சு

ப்ரேமர்ஹாஃபென் மீன் துறைமுகத்தில், நாள் முழுக்கக் காட் மீன்களைத் தோலுரித்துத் துண்டு போடுவது ஹெல்மரின் வேலை. மாலையில் வீட்டுக்குப் போனதும் கையைக் கழுவிக்கொண்டு தன் மீனுக்குத் தீனி போடுவான். வெட்டுக்கூடத்தில் இருந்தவர்களுக்கு இது ஓயாத வேடிக்கை.

"ஏம்ப்பா ஹெல்மர், நீ இங்க என்ன வேலை பாக்குறேன்னு உன் மீனுக்குத் தெரியுமா?"

"ஆபீஸ்னு சொல்லி வச்சிருக்கேன்" என்பான் ஹெல்மர்.

அந்த மீனுக்கு அட்மிரல் என்று பெயர். சிக்லிட் ஜாதி. உள்ளங்கை அகலத்துக்குக் கருத்த உடம்பு, அதில் அள்ளித் தெளித்த மாதிரி நீலப் புள்ளிகள், யாரிடமும் வம்புக்கு நிற்கிற மாதிரி முன்னே துருத்திய கீழ்த்தாடை. பெரிய தொட்டியில் வருடக்கணக்காக ஒற்றை ஆள். தனிமை விரும்பி என்பதால் இல்லை. துணைக்கென்று விட்ட எல்லாரையும் தின்று தீர்த்துவிட்டதால்.

இந்த விவரத்தை ஹெல்மர், சேர்ந்து வாழலாம் என்று பேசி வைத்திருந்த டோம்கேயிடம் சொல்லவில்லை. சொல்ல ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. அணைக்கரைக் கடையில் இரண்டு பேரும் ஹெரிங் மீன் வைத்த பன்னைத் தின்றுகொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

"உன் மீன் எப்படி, சண்டைக்காரனா?"

ஹெல்மர் வாயிலிருந்ததை விழுங்க நேரம் எடுத்துக்கொண்டான். டோம்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எதிராளியின் கண்ணை நேராகப் பார்த்துப் பேசிப் பழகியவள். வீட்டில் ஒரு தொட்டி நிறையக் கப்பி மீன்கள் வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் தன் அத்தைகளின் பெயர். அத்தைகள் தீர்ந்து இப்போது பெரியம்மாக்கள் பெயரில் வந்து நின்றிருந்தது.

"முதல்லயே சொல்லிடறேன்" என்றாள் அவள். "என் கப்பிங்க மேல எவனாவது வாய வச்சான், அவனும் வெளிய, அவனைக் கூட்டிட்டு வந்தவனும் வெளிய."

"அட்மிரலா? சாது" என்றான் ஹெல்மர். "பாக்கத்தான் அப்படி இருப்பான்."

அந்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை அவன் டோம்கேயின் மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்தான். ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தி தன் அலமாரியில் பாதியைக் காலி பண்ணிக் கொடுப்பது சின்ன விஷயமில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை மட்டுமே வரவேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு வந்தான். தொட்டியை வண்டியிலிருந்து இறக்கி, படி படியாகத் தூக்கி, கூடத்தில் நிறுத்துவதற்குள் முதுகு போய்விட்டது. மூடி போட்ட வாளியில் காற்றுக் குழாயோடு அட்மிரல் வந்தான். இன்னொரு வாளியில், பழைய தண்ணீரில் ஊறிக்கொண்டு, ஃபில்டர் ஸ்பாஞ்சு வந்தது. மற்ற எல்லாச் சாமானையும்விட ஹெல்மர் பத்திரமாகக் கொண்டுவந்தது அந்த இரண்டாவது வாளியைத்தான்.

கடைசிப் பெட்டியோடு அவன் மேலே வந்தபோது டோம்கே சமையலறைத் தொட்டி முன்னால் கைகளில் நுரையோடு நின்றிருந்தாள். முகமெல்லாம் பெருமை.

"வந்து பாரு! எத்தனை வருஷத்து அழுக்கு! பாத்திர சோப்பு போட்டு, வெந்நீர் ஊத்தி, நாலு தடவை கசக்கினேன். நெசத்துல அது நீலக் கலர் ஸ்பாஞ்சுன்னு உனக்கே தெரிஞ்சிருக்காது!"

ஸ்பாஞ்சு கண்ணைப் பறிக்கிற நீலத்தில் பாத்திரங்கள் நடுவே காய்ந்துகொண்டிருந்தது.

மீன் கழிக்கிற கழிவு தண்ணீரில் விஷமாகும். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற கிருமிகள், கண்ணுக்குத் தெரியாதவை, குடியிருப்பது அந்தப் பழுப்புக் கொழகொழப்பில்தான். அவை இல்லாத தொட்டி இன்னும் பழுக்காத காய். கிருமிகள் மறுபடி பெருகி அது பழுக்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை மீன் விட்டால் மீனுக்குத்தான் ஆபத்து. ஹெல்மர் காத்து வளர்த்த கிருமிகளில் கடைசித் தலைமுறை எலுமிச்சை மணத்தோடு சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

டோம்கே அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப... ரொம்ப பளிச்சுன்னு இருக்கு" என்றான்.

"சந்தோஷத்துல பேச்சே வரல பாரு உனக்கு" என்றாள் அவள், ஈரக் கையால் அவன் கன்னத்தைத் தட்டி.

தொட்டியில் தண்ணீர் ரொப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, கொஞ்ச வாரத்துக்கு மீன் எதையும் விடாமல் பழுக்க வைத்துவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டான். அட்மிரல் அதுவரை வாளியில் சமாளிப்பான், தினம் தண்ணீர் மாற்றினால் போதும். காரணம் சொல்லவேண்டிய அவசியமே வராது. நல்ல கணக்குத்தான். ஆனால் தன் தொட்டிக்கு இடம் போதாமல், டோம்கேயின் சின்னத் தொட்டி இருந்த மேசையை அவன் இடுப்பால் ஒரு நெட்டு நெட்டி நகர்த்தியிருந்தான். அப்போது எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. முதுகெலும்பு என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை, கீழ்வீட்டு பேடக்கர் அம்மாள் கதவைத் தட்டினார். எண்பதைத் தாண்டிய மெலிந்த கிழவி. கையில் ஒரு மேசைவிளக்கின் துணிக்கூண்டு, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"குடிவந்தவர் நீங்கதானா?" என்றார் ஹெல்மரை மேலும் கீழும் பார்த்து. "வாழ்த்துக்கள். உங்க வீட்டுத் தண்ணி என் வீட்டுக்கு வந்திருக்கு. திருப்பிக் குடுக்கலாம்னு வந்தேன்."

டோம்கேயின் தொட்டி மூலையில் விரிசல் விட்டிருந்தது. ஹெல்மர் துணியும் வாளியுமாகக் கீழே ஓடினான். பேடக்கர் அம்மாளின் கம்பளத்தைப் பிழிந்து, மன்னிப்புக் கேட்டு, அவர் கொடுத்த காபியை மறுக்க முடியாமல் குடித்து மேலே வந்தபோது, கப்பிகள் அத்தனையும் அவனுடைய பெரிய தொட்டியில் வாலை விசிறிக்கொண்டு நீந்தின.

"எவ்வளவு இடம் பாரு, குஷி தாங்கல அதுங்களுக்கு" என்றாள் டோம்கே. "நல்லவேளை நீ தொட்டியோட வந்த. சரி, அட்மிரலையும் விடு. எத்தனை நேரம் வாளியில கிடப்பான் பாவம்."

ஹெல்மர் வாளியின் மூடியை அழுத்தி மூடினான். "அவன் கொஞ்சம் கூச்சப்படுவான்" என்றான். "புது இடம். அதுவும் பொம்பளைங்க இத்தனை பேர்."

"மீனுக்குக் கூச்சமா?"

"இந்த ஜாதிக்கு உண்டு."

ஆக, அட்மிரல் குளியல்தொட்டிக்குப் போனான். டோம்கேயின் பழைய தொட்டியிலிருந்து எடுத்த சின்ன ஹீட்டரும் அவனோடு போனது. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை. ஹெல்மர் வெட்டுக்கூடத்து ஷவரில் குளித்துவிட்டு வந்தான். டோம்கே துண்டும் சோப்புமாக ஒரு மாடி இறங்கி பேடக்கர் அம்மாள் வீட்டுக்குப் போனாள். கிழவிக்குப் பேச்சுத்துணை கிடைத்த மகிழ்ச்சி. முதலில் விளக்குக்கூண்டைப் பற்றிப் பத்து நிமிடம், அப்புறம்தான் வெந்நீர்க் குழாயைக் காட்டுவார்.

வாரம் முடிவதற்குள் பெரிய தொட்டியின் தண்ணீர் கஞ்சித்தண்ணி மாதிரி வெளுத்துக் கலங்கியது. ஹெல்மர் சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தான். மஞ்சளாக நின்றால் நல்லது. நிற்கவில்லை.

"ஐ, ஊதா! என்ன அழகான கலர்!" என்றாள் டோம்கே அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "இதே கலர்ல ஒரு சட்டை எடுக்கணும்."

"ம்" என்றான் ஹெல்மர்.

கடையில் கிருமிப் புட்டி என்று விற்றதை வாங்கி ஊற்றினான். அது புட்டியில் எத்தனை நாளாகச் செத்துக் கிடந்ததோ, ஒன்றும் ஆகவில்லை. தினமும் தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினான். வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்த பிறகு ஒரு தரம். தாழ்வாரமெல்லாம் ஈரம். கப்பிகள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து டோம்கே தீனி போடப் போனாள்.

"வேணாம்!" என்று ஹெல்மர் கத்தினான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

டோம்கே கையை இழுத்துக்கொண்டாள். "ஹெல்மர், உனக்கு இங்க வந்ததுல இஷ்டமில்லையா?"

"என்ன கேள்வி இது?"

"பின்ன என்ன? ராத்திரி பகலா வாளியோட அலையிற. நான் எது கேட்டாலும் ம்-ங்கற. நேத்து சூப்புல உப்பே இல்ல, அதைக்கூடச் சொல்லல நீ. எதுவும் பிடிக்கலைன்னா வாயத் திறந்து சொல்லு. நான் பதினெட்டு வருஷம் ஒருத்தனோட உம்முனு குடித்தனம் பண்ணிட்டு வந்தவ. இன்னொரு தடவை என்னால முடியாது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஸ்பாஞ்சைப் பற்றிச் சொன்னால் அவள் மனசு நோகும். அட்மிரலைப் பற்றிச் சொன்னால் தான் வாசலுக்கு வெளியே. இரண்டையும் யோசித்து ஹெல்மர், "சூப்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். டோம்கே கதவை அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சமாதானத்துக்கு அவளே முதல் அடி எடுத்து வைத்தாள். ஹெல்மர் பால்கனியில் தண்ணீர் மாற்றும் குழாயை அலசிக்கொண்டிருந்தான். கூச்சம் என்றால் பழக்கம்தானே மருந்து என்று டோம்கே யோசித்திருக்கிறாள். பெரிய தொட்டியிலிருந்து ஒரு ஜாடி தண்ணீரை மொண்டு குளியலறைக்கு எடுத்துப் போனாள். "இந்தாடா கண்ணு, இது உன் சொந்தக்காரங்க வீட்டுத் தண்ணி. பழகிக்கோ" என்று சொல்லிக் குளியல்தொட்டியில் ஊற்றினாள்.

ஜாடியில் தண்ணீரோடு கெஸீன அத்தையும் இருந்தாள்.

அலறல் கேட்டு ஹெல்மர் ஓடிவந்தான். டோம்கே காலி ஜாடியோடு சுவரில் சாய்ந்து நின்றாள். அட்மிரலின் வாயோரத்தில் ஆரஞ்சு நிற வால் நுனி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவன் ஒரு முறை தாடையை அசைத்தான். அதுவும் உள்ளே போனது.

"சாது" என்றாள் டோம்கே.

ஹெல்மர் ஈரக் குழாயைக் கீழே வைத்தான்.

"பாக்கத்தான் அப்படி இருப்பான்னியே! கூச்சம்னியே! கெஸீன அத்தைக்கு மாலை மரியாதை பண்ணி நானே கொண்டு போய் இலையில வச்சிருக்கேன்! சொல்லு, இதுக்கு முன்னாடி எத்தனை பேரைத் தின்னான்?"

"கூட இருந்த எல்லாரையும்."

"கடவுளே! வேற என்ன மறைச்சிருக்க? எல்லாத்தையும் இப்பவே கொட்டு."

ஹெல்மர் குளியல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். ஸ்பாஞ்சு, கிருமி, ஊதா நிறம், கப்பிகள் ஏன் மேலே வந்து வாய் திறக்கின்றன என்பது வரை எல்லாவற்றையும் சொன்னான். அவள் பக்கம் திரும்பாமல் அட்மிரலிடம் சொல்வது போலத்தான் சொன்னான். மேசையை நெட்டியதும் தான்தான் என்றான்.

டோம்கே காலி ஜாடியைக் கீழே வைத்தாள். "பாத்திர சோப்பு" என்றாள்.

"நீ ஆசையா செஞ்ச."

"ஆசையா செஞ்சா? அன்னைக்கே ஒரு வார்த்தை, 'அடிப்பாவி, குடியைக் கெடுத்தியே'ன்னு திட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்! மனசுல வச்சு வச்சு என் அத்தைங்களை மூச்சுத் திணற விட்டிருக்க! இனிமே என்னைத் திட்டணும்னா உடனே திட்டு, புரியுதா?"

"சரி."

"இப்ப என்ன பண்ணணும்?"

"பழுத்த தொட்டி வச்சிருக்கிற யார்கிட்டயாவது கொஞ்சம் அழுக்கு வாங்கணும். அவங்க ஃபில்டர்ல ஊறுன ஸ்பாஞ்சு ஒண்ணு கிடைச்சா நம்மளுதோட வச்சுடலாம். உன் சின்னத் தொட்டியோடதும் விரிசல் விட்ட அன்னைக்கே காஞ்சு போச்சு. எனக்கு அப்படி யாரையும் தெரியாது. எங்க கூடத்துல எல்லாரும் மீனை ஐஸ்லதான் வச்சிருக்காங்க."

டோம்கே கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கு ஒருத்தனைத் தெரியும்" என்றாள். "செத்தாலும் அவன்கிட்ட ஒண்ணும் கேக்கமாட்டேன்னு வக்கீல் முன்னாடி சொல்லிட்டு வந்தேன்."

ஆற்றுக்கு அக்கரையில், ப்ளெக்ஸனில் இருந்தான் ஹார்ம். அந்தப் பதினெட்டு வருடத்து ஆள். படகில் போகும்போது டோம்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ" என்றாள். "அவன் என்ன சொன்னாலும் பதில் பேசாத. அழுக்கை வாங்கு, வா."

ஹார்மின் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கத் தொட்டி. காட்டுச் சுனை மாதிரி தெளிந்த தண்ணீர், செடிகள், கூட்டமாய்த் திரும்புகிற சின்ன மீன்கள். அந்த அறையில் ஹார்ம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவான், மீன்களுக்குத் தொந்தரவாம். நெட்டையான ஆள், கம்பளிச் செருப்பு. விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் பண்டிகை மாதிரி மலர்ந்தது.

"ஸ்பாஞ்சைக் கழுவிட்டாங்களா? சோப்பு போட்டா? யாரு?" கண் டோம்கே பக்கம் போனது. "சொல்லவே வேணாம். நான் புகை பிடிக்கிற பைப்பையே சோப்பு போட்டு ஊற வச்சவளாச்சே. ஒரு வாரம் நுரையா விட்டுட்டு இருந்தேன்."

"நான்தான் கழுவினேன்" என்றான் ஹெல்மர்.

"நீயா? இத்தனை வருஷமா மீன் வளக்கிறேன்னு சொன்ன?"

"ஆமா. குடிவந்த அன்னைக்கு. பளிச்சுன்னு இருக்கட்டும்னு."

ஹார்முக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் கிடைத்த ஆளை விட மனசில்லை. கிருமி என்றால் என்ன, அது எதைத் தின்னும், வெந்நீர் அதை என்ன பண்ணும் என்று குசுகுசுவென்ற குரலிலேயே ஆரம்பித்து, ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குச் சொல்வது போல் விளக்கினான். "உன்னை மாதிரி ஆளுங்க கையில மீன் கொடுக்கறதே பாவம்" என்றான். "நீ பேசாம மீனை வெட்டுற வேலையோட நிறுத்திக்க." ஹெல்மர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தலையாட்டினான். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"போதும் ஹார்ம்!" டோம்கேயின் குரலில் மீன்கூட்டம் மொத்தமும் செடிக்குள் பாய்ந்தது. "நான்தான் கழுவினேன். அவன் எனக்காகச் சொல்றான். அவனை ஒரு வார்த்தை சொல்லாத. உன் பைப்பையும் நான்தான் கழுவினேன், நாத்தம் தாங்காமத்தான் கழுவினேன். இப்ப உன் அழுக்கைக் குடுப்பியா, மாட்டியா?"

ஹார்ம் அவளைப் பார்த்தான். அப்புறம் ஹெல்மரைப் பார்த்தான். "எனக்காக நீ ஒரு நாளும் இப்படிக் கத்தினதில்ல" என்றான். அதை வருத்தமாகச் சொன்னானா, சும்மா சொன்னானா என்று தெரியவில்லை. ஃபில்டரைத் திறந்து, கரும்பழுப்பாகச் சொட்டுகிற ஒரு ஸ்பாஞ்சைப் பிள்ளையைத் தூக்குவது போல் எடுத்து, பையில் போட்டுக் கட்டினான்.

"காயக்கூடாது, குளிரக்கூடாது" என்றான். "அப்புறம் வாரா வாரம் போன் பண்ணி, சோதனையில என்ன கலர்னு சொல்லணும். அது என் ஸ்பாஞ்சு."

திரும்பும் படகில் காற்று ஊசியாய்க் குத்தியது. ஹெல்மர் பையை ஸ்வெட்டருக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டான். பை ஒழுகியது. குட்டையைக் கிளறிய மாதிரி ஒரு வாசனை மெல்லப் பரவியது. பக்கத்தில் இருந்த பெண்மணி எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். ஆனால் அவளுடைய குட்டைக்கால் நாய் போக மறுத்தது. ஹெல்மரின் வயிற்றில் மூக்கை வைத்து உறிஞ்சிக்கொண்டே நின்றது.

"மன்னிச்சுக்கங்க, அவன் இப்படிப் பண்ணமாட்டான்" என்று அந்தப் பெண்மணி வாரை இழுத்தாள். "உங்களுக்கு உடம்பு ஏதும்...?"

"நல்லா இருக்கேன்" என்றான் ஹெல்மர். ஸ்வெட்டரில் பழுப்பு ஈரம் வட்டமாக விரிந்துகொண்டிருந்தது.

டோம்கேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துச் சிரித்து அவன்மேல் சாய்ந்தாள். சாய்ந்தவள் நிமிராமல், தன் கோட்டின் ஒரு பக்கத்தை விரித்து அவன் வயிற்றையும் ஸ்பாஞ்சையும் சேர்த்து மூடினாள்.

வீட்டில் ஹெல்மர் அந்த ஸ்பாஞ்சைத் தொட்டிக்குள் ஒரு பிழி பிழிந்தான். தண்ணீர் தேநீர் நிறமானது. டோம்கே மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் செய்யமாட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அழுக்கு மெல்ல அடங்கியது. அடுத்தடுத்த நாட்களில் சோதனைக் குழாயில் ஊதா ரோஜாவானது, ரோஜா வெளுத்தது. கப்பிகள் மேலேயிருந்து கீழே இறங்கி, ஒன்றையொன்று துரத்தத் தொடங்கின. ஈடா அத்தையும் இன்னும் இருவரும் போனது போனதுதான். டோம்கே அவர்களைப் பால்கனிச் செடித்தொட்டியில் புதைத்தாள். ஹெல்மர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

ஒரு நாள் சோதனைக் குழாயில் தண்ணீர் மஞ்சளாகவே நின்றபோது ஹெல்மர் தொட்டியின் நடுவே ஒரு பிளாஸ்டிக் சல்லடைத் தட்டி வைத்து அடைத்தான். ஒரு பக்கம் அட்மிரல், மறுபக்கம் அத்தைகள். அட்மிரல் முதல் நாள் முழுக்கத் தட்டியில் மூக்கை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்தான். அத்தைகள் பயப்படவே இல்லை. அவன் மூக்குக்கு நேராக வந்து வாலை விசிறிக்காட்டிவிட்டுப் போனார்கள்.

"திமிர் பிடிச்சதுங்க" என்றாள் டோம்கே. "எங்க குடும்பம் அப்படித்தான்."

ஞாயிற்றுக்கிழமை ஹெல்மர் ப்ளெக்ஸனுக்குப் போன் பண்ணினான். இரண்டு வார்த்தையில் முடியும் என்று நினைத்தான். ஹார்ம் அரை மணி நேரம் விடவில்லை. என்ன தீனி, எத்தனை டிகிரி, தட்டியில் ஓட்டை எவ்வளவு அகலம். ஹெல்மருக்கும் போகப் போகப் பேச நன்றாகத்தான் இருந்தது.

"சரி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு" என்றான் ஹார்ம் முடிவில், குரலை இன்னும் தாழ்த்தி. "அவ ஃபில்டர் பக்கம் போறாளா?"

ஹெல்மர் திரும்பிப் பார்த்தான். டோம்கே ஒரு துணியோடு தொட்டி முன்னால் நின்றிருந்தாள்.

"கண்ணாடியைத் துடைக்கிறா. வெளிப்பக்கம் மட்டும்தான்."

"போனை வைக்காத" என்றான் ஹார்ம். "முடிக்கிற வரைக்கும் அங்கயே நில்லு."